ஆண்டுதோறும் வளர்ந்த கன்னி

என் மனைவி எங்கள் பேத்திக்குச் சொன்ன கதைகளுள் பெரும்பாலானவை என் தங்கையைப் பற்றியவை. என் மனைவி என் தங்கையை ஒரு நாளும் பார்த்ததில்லை. அவள் மருமகளாக எங்கள் வீட்டுக்கு வருவதற்குப் பல ஆண்டுகள் முன்னதாகவே என் தங்கை பத்து வயதில் காய்ச்சலில் இறந்துபோனாள். அவளை உயிரோடு கண்டவர்களுள் நெருங்கிய உறவினர் என்று இன்று எஞ்சியிருப்பவர்கள் நானும், ஊரில் இருக்கும் என் பெரியப்பா மகளும் மட்டுமே. பெரியப்பா மகளுக்கு இப்போது நினைவு தடுமாறுகிறது. ஆகவே நடந்ததை எழுதி வைக்க வேண்டியவன் நான்தான்.

எங்கள் பூர்வீகம் குருவிகுளத்துக்கு அப்பால் ஒரு கரிசல் கிராமம். மழையை நம்பிப் பருத்தி போடுகிற ஊர். தங்கை இறந்த மறுவருடம் எங்கள் வீட்டு உழவு மாடு ஒன்று செத்தது. என் தாயார் காரணமின்றிப் படுக்கையில் விழுந்தார். குறி சொல்லும் கோடாங்கியை அழைத்துக் கேட்டார்கள். அவர் உடுக்கை அடித்துப் பார்த்து, "பிள்ளை வீட்டுக்குள்ள எடம் கேக்கா. குடுத்துருங்க" என்றார். அன்று முதல் என் தங்கை எங்கள் வீட்டுக் கன்னி ஆனாள்.

மணமாகாமல் இறந்த பெண்ணை அந்த வீட்டாரே கன்னியாக வைத்து வணங்குவது எங்கள் பகுதியின் வழக்கம். ஓர் ஓலைப்பெட்டியில் புதுப் பாவாடை சட்டையும் கண்ணாடி வளையலும் ரிப்பனும் சீப்பும் வைத்து, அதை வீட்டின் ஒரு மூலையில் கைக்கு எட்டாத உயரத்தில் வைத்திருப்பார்கள். தை மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை பெட்டியை இறக்கிப் பொங்கலிடுவார்கள். ஒரு வருடம் பெட்டிக்குள் இருந்த உடுப்பை எடுத்து வீட்டில் மணமாகாத பெண்பிள்ளை ஒருத்திக்கு உடுத்துவார்கள். வேறு புது உடுப்பு பெட்டிக்குள் போகும். அந்தப் பிள்ளை கன்னியின் உடுப்போடு வீட்டுக்குள் நடந்தால், கன்னியே நடந்ததாக எண்ணிக்கொள்வார்கள். எங்கள் வீட்டில் முதலில் பெரியப்பா மகள் உடுத்தினாள். பின்னர் அவளுடைய பெண்கள் உடுத்தினார்கள். பெட்டியை என் தாயார் வைத்திருந்தார். அவர் காலத்துக்குப் பின் என் மனைவியின் கைக்கு வந்தது. நாங்கள் சங்கரன்கோவிலில் குடியேறியபோது, வேறு சாமான்கள் எல்லாம் வண்டியில் வர, அந்தப் பெட்டியை மட்டும் என் மனைவி மடியில் வைத்துக்கொண்டு பேருந்தில் வந்தாள்.

நான் ஐந்தாம் வகுப்புக்கு மேல் படித்தவனல்லன். ரத வீதியில் ஒரு ஜவுளிக்கடையில் பதினைந்தாம் வயதில் சேர்ந்து, கால் தளரும் வரை அங்கேயே துணி கிழித்துக் கொடுத்தவன். மதியம் கடையில் ஆள் குறைந்த நேரங்களில் நூலகத்திலிருந்து எடுத்துவந்த புத்தகங்களைப் படித்தே எழுதப் பழகினேன். எங்களுக்கு ஒரே மகன். அவன் பாளையங்கோட்டையில் வேலை பார்த்தபோது அங்கே ஓர் ஆசிரியையை விரும்பி மணந்துகொண்டான். பெண் வீட்டார் தலைமுறைகளாகக் கிறிஸ்தவர்கள். பிறக்கும் பிள்ளைகளைத் தேவாலயத்தில் வளர்ப்பதாக மணத்தின்போதே மகன் வாக்குக் கொடுத்தான். எனக்கு அதில் மனக்குறை இருந்தது. என் மனைவிக்கும் இருந்திருக்கும். ஆனால் பேத்தி பிறந்து, ஞானஸ்நானம் முடிந்து, முதல் தடவையாக இங்கே தூக்கி வந்தபோது என் மனைவி அந்தக் குறையை ஒதுக்கி வைத்துவிட்டாள்.

"பிள்ளையக் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போகக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. திருநீறு பூசக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. கதை சொல்லக்கூடாதுன்னு ஒருத்தரும் சொல்லலையே" என்றாள்.

என் மருமகள் நல்ல குணமுடையவள். கன்னிக்குப் பொங்கலிடுகிற நாளில் பிள்ளைக்கு உடுப்பு உடுத்துவதைப் பற்றி என் மனைவி தயங்கித் தயங்கிக் கேட்டபோது, அவள், "செத்துப்போன அத்தையோட நெனப்புக்குத்தானே அத்தை, உடுத்துங்க. விழுந்து கும்புடச் சொல்லாதீங்க" என்றாள். அந்த எல்லையை என் மனைவி ஒரு நாளும் மீறவில்லை. பிள்ளையை விழுந்து கும்பிடச் சொன்னதே இல்லை.

பேத்திக்கு ஆறு வயது நடக்கும்போது முதன்முதலாகக் கன்னியின் உடுப்பை உடுத்தினார்கள். பத்து வயதுப் பிள்ளைக்கான பாவாடை அது. என் தங்கை இறந்த வயதுக்கே எப்போதும் துணி எடுப்போம். பாவாடை பிள்ளையின் காலுக்குக் கீழே புரண்டது. இரண்டடி நடந்தவள் தடுக்கி விழுந்து உதட்டைக் கடித்துக்கொண்டு அழுதாள். என் மனைவி அன்று முழுவதும் அவளை மடியிலிருந்து இறக்கவில்லை. மறுவாரம் நான் கடைக்குப் புறப்படும்போது, "ஏங்க, கன்னிக்கு எடுத்து வச்சிருக்க துணிய மாத்தணும். ஏழு வயசுக்கு எடுத்துட்டு வாங்க. அடுத்த தைக்கு இவளுக்குச் சரியா இருக்கும்" என்றாள்.

"தங்கச்சிக்குப் பத்து வயசுல்லா?"

"இவளுக்கு ஏழுதானே வரும். விழுந்து மூஞ்சிய ஒடைச்சுக்கிடணுமா?"

நான் ஏழு வயது அளவுக்குத் துணி கிழிக்கச் சொன்னேன். பக்கத்துப் பிரிவில் நின்ற கடைப் பையன்கள் முதல் கணக்கர் வரை எல்லோருக்கும் எங்கள் வீட்டு வழக்கம் தெரியும். கணக்கர் கண்ணாடியை இறக்கிக்கொண்டு, "என்ன அண்ணாச்சி, வருசா வருசம் பத்து வயசுக்குத்தானே எடுப்பிய. ஒங்க கன்னி கீழ எறங்குதாளோ?" என்றார். கடையே சிரித்தது. நானும் சிரித்தேன்.

அதன் பின் ஒவ்வொரு தையிலும் துணி சற்றுக் கூடியது. கால் மீட்டர் கூட்டுங்கள் என்பாள் என் மனைவி. மறுவருடம் மீண்டும் கூட்டுங்கள் என்பாள். வளர்கிற பிள்ளைக்கு அடுத்த ஆண்டு என்ன அளவு வரும் என்று பார்த்து வாங்குகிறாள் என்றே நான் எண்ணியிருந்தேன். முதலில் அவளும் அதற்காகத்தான் செய்திருப்பாள். ஆனால் பெட்டிக்குள் இருக்கிற பாவாடை வளர்ந்தால், பெட்டிக்கு உரியவளும் வளர்ந்திருக்க வேண்டும் அல்லவா? பேத்தி கேட்டிருப்பாள், உன் வயதுதான் என்று அவளும் சொல்லியிருப்பாள். நான் கவனிக்கத் தொடங்கியபோது கன்னிக்கும் என் பேத்திக்கும் ஒரே வயதாகிவிட்டிருந்தது.

விடுமுறைக்குப் பிள்ளை வரும்போதெல்லாம் மதியச் சாப்பாட்டுக்குப் பின் இருவரும் அந்த மூலையில் பாயைப் போட்டுக்கொள்வார்கள். நான் கட்டிலில் கண்ணை மூடிக்கிடப்பேன். கதைகள் காதில் விழும். என் தங்கை இறக்கவே இல்லை. கண்மாய்க்கரையில் ஏழு கன்னிமார்கள் விளையாடிக்கொண்டிருந்தார்கள், ஆட்டத்துக்கு ஓர் ஆள் குறைகிறது என்று இவளைக் கூப்பிட்டார்கள், இவள் போய்விட்டாள். ஆனால் வீட்டு நினைப்பு வந்து தினமும் திரும்பி வருகிறாள். பச்சைப் பாவாடை கட்டியிருப்பாள். கிணற்றுக்கட்டில் உட்கார்ந்து வாய்க்குள் பாடிக்கொண்டிருப்பாள்.

"அவளுக்கும் ஒன்னைய மாதிரித்தான். கணக்குப் பாடம் மண்டையில ஏறமாட்டேங்கு" என்பாள் என் மனைவி.

"அவளுக்கு யாரு ஆச்சி கணக்கு சொல்லிக் குடுக்கா?"

"கன்னிமார்ல மூத்தவ. கையில குச்சி வச்சிருப்பா. இவளுக்கு அடி விழாத நாளே கெடையாது."

பேத்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள்.

விடுமுறை முடிந்து பாளையங்கோட்டைக்குப் புறப்படுகையில் பிள்ளை அழும். கன்னியை விட்டுவிட்டுப் போக வேண்டுமே என்று அழும். அதற்கும் என் மனைவி வழி கண்டுபிடித்தாள். "அவளும் ஒன் கூடத்தான் பஸ்ல வருதா. ஜன்னல் பக்கம் அவளுக்கு எடம் விடு. கண்டக்டர்ட்ட சொல்லிராத, டிக்கெட் கேப்பாரு" என்றாள். அதன் பிறகு பிள்ளை அழவில்லை. பேருந்தில் ஒடுங்கி உட்கார்ந்து சன்னலோரம் ஒரு சாண் இடம் விட்டு, யாராவது உட்கார வந்தால் முறைக்கும் என்று மருமகள் சொல்லிச் சிரித்தாள்.

ஒரு கிறிஸ்துமஸ் முடிந்து வந்தபோது, பிள்ளை தன் பங்குக் கேக்கில் பாதியைத் தாளில் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள். என் மனைவி அதை ஒரு தட்டில் வைத்துப் பெட்டியின் முன் வைத்தாள். எறும்பு மொய்க்கும் வரை அங்கேயே இருந்தது.

"ஆச்சி, அவ சர்ச்சுக்குள்ள வருவாளா?" என்று பிள்ளை கேட்டது.

"வராம? கடைசி பெஞ்சில உக்காந்திருப்பா. பாட்டுன்னா அவளுக்கு உசுரு. நீ பாடும்போது கண்ண மூடிக்கிட்டுப் பாரு, ஒனக்குப் பின்னால இன்னொரு சத்தம் கேக்கும்."

நான் கட்டிலில் கிடந்து கேட்டுக்கொண்டிருந்தேன். என் தங்கை பாடி நான் கேட்டதில்லை. ஆயினும் திருத்தாமல் கண்ணை மூடிக்கொண்டேன். இவளாவது அவளைப் பற்றிப் பேசுகிறாளே என்றிருந்தது.

பேத்தி பெரியவளான வருடம் என் மனைவி தாவணித் துணி எடுத்துவரச் சொன்னாள். பொங்கலன்று ஊரிலிருந்து வந்த பெரியப்பா மகள், பெட்டிக்குள் மடித்திருந்த தாவணியைக் கண்டு கொதித்துப் போனாள்.

"என்னட்டி இது, கூத்தா இருக்கு? செத்த பிள்ளைக்கு வயசு ஏறுமா? சாமிக்குத் தாவணி போடுத வீட்ட இங்கனதான் பாக்கேன்."

"சாமிக்கு வயசு கெடையாதுன்னா பத்துலயே நிக்கணும்னு மட்டும் யாரு சொன்னா மதினி?"

"பின்ன அடுத்து என்ன செய்யப்போற? மாப்பிள்ளை பாப்பியோ?"

"ஒங்க வீட்ல பையன் இருந்தா சொல்லுங்க" என்றாள் என் மனைவி. பெரியப்பா மகளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் சாப்பிட்டுக் கை கழுவும்போது என்னிடம் தனியே, "இது நல்லதுக்கில்லப்பா. சின்னப் பிள்ளையாவே இருக்க வரைக்கும்தான் அவள நாம வச்சுக் காப்பாத்த முடியும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மறுவருடம் பங்குனியில் என் மனைவி இறந்தாள். இரண்டு நாள் மூச்சுத்திணறல், மூன்றாம் நாள் விடியுமுன் முடிந்துவிட்டது. பாளையங்கோட்டையிலிருந்து வந்த பேத்தி ஆச்சியின் முகத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். அழவில்லை. பிறகு என் அருகில் வந்து காதோடு, "அவகிட்ட சொல்லியாச்சா தாத்தா?" என்று கேட்டாள். யாரிடம் என்று நான் கேட்கவில்லை. மூலையில் பெட்டி இருந்த பக்கம் அவளே போய் நின்று, உதட்டை அசைத்து ஏதோ சொல்லிவிட்டு வந்தாள். அதன் பின்னர்தான் அழுதாள்.

அந்த ஆண்டு அவளுக்குத் தேவாலயத்தில் திடப்படுத்தல் வகுப்பு தொடங்கியது. குழந்தைப் பருவத்தில் பிறர் கொடுத்த வாக்கை, வளர்ந்தபின் பிள்ளை தன் வாயால் சபையின் முன் சொல்லி உறுதி செய்துகொள்ளும் சடங்கு அது. அதற்குப் பிறகுதான் நற்கருணை பெறலாம். வகுப்பு நடத்திய ஓர் அம்மையார், இறந்தவர்களை வீட்டில் வைத்து வணங்குவதும் அவர்கள் நம்மோடு நடமாடுவதாக நம்புவதும் விட்டுவிட வேண்டியவை என்று பொதுவாகச் சொல்லியிருக்கிறார். என் பேத்தியை எண்ணிச் சொன்னதல்ல. ஆனால் பிள்ளை வீட்டுக்கு வந்து, தான் திடப்படுத்தலுக்கு நிற்கப்போவதில்லை என்று சொல்லிவிட்டாள். காரணம் கேட்டதற்கு, கன்னியை விட்டுவிட்டேன் என்று பொய் சொல்ல முடியாது என்றாளாம்.

மருமகள் என்னைத் தொலைபேசியில் அழைத்தாள்.

"மாமா, நான் அத்தைய ஒரு கொறையும் சொல்லல. அவங்க பாசமாத்தான் சொன்னாங்க. ஆனா இவ இப்பம் ரெண்டு பக்கமும் இல்லாம நிக்கா. சர்ச்சுக்கு வந்தா அவள ஏமாத்துத மாதிரி இருக்காம். வராம இருந்தா ஆண்டவர ஏமாத்துத மாதிரி இருக்காம். ராத்திரி சாப்பிடமாட்டேங்கா. பாஸ்டர் ஐயாகூட, கட்டாயப்படுத்த வேண்டாம், அடுத்த வருசம் பாக்கலாம்னுட்டாங்க."

"நான் என்னம்மா செய்யணும்?"

"ஒங்க தங்கச்சிய நேர்ல பாத்து ஞாபகம் வச்சிருக்கது இப்பம் நீங்க ஒரு ஆளுதான். அத்தை சொன்னது எது நெசம், எது கதைன்னு நீங்க சொன்னா நம்புவா. நான் சொன்னா ஆச்சியப் பழி சொல்லுததா நெனைப்பா."

நான் யோசித்துச் சொல்கிறேன் என்று கூறிவிட்டு அன்று முழுவதும் வீட்டுக்குள் நடந்துகொண்டிருந்தேன். சொல்லாவிட்டால் பிள்ளை இரண்டு பக்கமும் கால் வைக்க முடியாமல் வாடும். சொன்னால், மண்ணுக்குள் போய்விட்ட என் மனைவி தன் பேத்தியின் முன் பொய் சொன்னவளாக நிற்பாள். பதில் சொல்ல அவள் வரப்போவதில்லை. இன்னொன்றும் இருந்தது. சொல்வதற்காக என் தங்கையை நினைவுக்குக் கொண்டுவர முயன்றபோது, கிணற்றுக்கட்டில் பச்சைப் பாவாடையோடு உட்கார்ந்திருக்கிற பெண் வந்தாள். அது என் மனைவி சொன்ன பெண். எங்கள் ஊர் வீட்டில் கிணறே கிடையாது. அவளை விலக்கிவிட்டு உண்மையான முகத்தைத் தேடினேன். புகைப்படம் எடுக்கும் வசதி எங்களுக்கு அக்காலத்தில் இல்லை. எனக்கு ஒரு முகமும் கிடைக்கவில்லை.

ஆடித்தபசுத் திருவிழாவுக்கு வழக்கம்போல மகன் குடும்பத்தோடு வந்தான். ஊர் முழுவதும் கூட்டம். சப்பரம் பார்க்க மகனும் மருமகளும் வேண்டுமென்றே எங்களை விட்டுவிட்டு வெளியே போனார்கள். பேத்தி அந்த மூலையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முகம் மெலிந்து, கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

"அம்மா ஒங்ககிட்ட சொல்லிட்டாங்களா தாத்தா?"

"சொன்னா."

"நீங்க என்ன சொல்லப்போறீங்க?"

"எனக்குத் தெரிஞ்சதச் சொல்லுதேன் மக்கா. தெரியாததச் சொல்லமாட்டேன்."

அவள் முழங்காலைக் கட்டிக்கொண்டாள்.

நான் சொன்னேன். என் தங்கை என்னைவிட மூன்று வயது இளையவள். பள்ளிக்கூடத்துக்குப் போனதில்லை. பெண்பிள்ளையை அனுப்புகிற வழக்கம் அப்போது எங்கள் வீட்டில் இல்லை. என் சிலேட்டுக் குச்சியைத் திருடித் தின்பாள். அதற்காக நான் அடித்தால் திருப்பி அடிக்காமல் கிள்ளுவாள். காட்டுக்குக் கஞ்சி கொண்டுபோகும்போது கால் சுடுகிறது என்று சொல்லிச் சொல்லியே பின்னால் வருவாள். பாடி நான் கேட்டதில்லை. அவள் கண்மாய்க்கரைக்குப் போகவில்லை. வீட்டில், கயிற்றுக்கட்டிலில்தான் கிடந்தாள். காய்ச்சல் வந்து நான்கைந்து நாள் இறங்கவில்லை. ரொட்டி வேண்டும் என்று கேட்டாள். அக்காலத்தில் காய்ச்சல்காரர்களுக்குத்தான் ரொட்டி வாங்குவார்கள். தகப்பனார் சங்கரன்கோவிலுக்கு வந்து மருந்தும் ரொட்டியும் வாங்கிக்கொண்டு திரும்புவதற்குள் அவள் போய்விட்டாள்.

பேத்தி அசையாமல் கேட்டாள்.

"கன்னிமாரு யாரும் கூப்பிடலையா?"

"இல்ல மக்கா."

"அவளுக்குக் கணக்கு வராதுன்னு ஆச்சி சொல்வாங்களே."

"அவளுக்கு எழுத்தே தெரியாது."

"ஆச்சி ஏன் அப்பிடிச் சொன்னாங்க?"

"நீ அந்தப் பெரிய பாவாடையக் கட்டி விழுந்து அழுத. அதுல இருந்து தொடங்குனதுதான். ஒனக்கு அளவா இருக்கணும்னு ஆச்சி துணியக் குறைச்சா. பெறவு கூட்டிக்கிட்டே போனா. ஒன் கூட வளரட்டும்னு நெனைச்சிருப்பா. பொய் சொல்லணும்னு சொல்லல."

வெளியே தெருவில் மேளச் சத்தம் நெருங்கி வந்து, வீட்டைக் கடந்து போயிற்று. அவள் மூலையின் மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு,

"அவங்க இருந்தா இப்பம் என்ன வயசு இருக்கும் தாத்தா?" என்றாள்.

"எழுபது ஆகியிருக்கும்."

"அப்பம் எனக்கு ஆச்சி முறைல்லா."

"ஆமா. அத்தையாச்சி."

அவள் தலையை ஆட்டினாள். எழுந்து முகம் கழுவிக்கொண்டு வந்தாள். நான் எடுத்து வைத்த சோற்றை முழுவதும் சாப்பிட்டாள். கூட்டத்திலிருந்து திரும்பிய மருமகள், காலியான தட்டைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். நன்றி என்பதுபோல் இருந்தது அந்தப் பார்வை. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

திடப்படுத்தல் மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தது. என்னையும் அழைத்திருந்தார்கள். தேவாலயத்தின் பின்வரிசையில் உட்கார்ந்தேன். பெண்பிள்ளைகள் வெள்ளைச் சேலை கட்டி, முக்காடிட்டு வரிசையாக வந்து நின்றார்கள். சேலையில் நின்றபோது என் பேத்தி தன் வயதுக்கு மேல் வளர்ந்தவளாகத் தெரிந்தாள். குருவானவர் கேள்விகளைக் கேட்டார். பிள்ளைகள் ஒருமித்துப் பதில் சொன்னார்கள். அவள் குரல் தனியே எனக்குக் கேட்கவில்லை. உதடு அசைந்தது மட்டும் தெரிந்தது. தடுமாற்றம் ஏதும் இல்லை.

சாப்பாட்டுக்குப் பின் மரத்தடியில் என்னிடம் வந்து நின்றாள்.

"அந்த வார்த்தை சொல்லும்போது கஷ்டமா இருந்துச்சா மக்கா?"

"இல்ல தாத்தா. விட்டுட்டேன்னு சொல்லுததுக்கு ஆள் இருக்கணும்லா. அங்கன யாரும் இல்லையே."

இதைச் சொல்லும்போது அவள் வருந்தினாள் என்று என்னால் எழுத முடியாது. தோழிகள் கூப்பிட்டார்கள், போய்விட்டாள்.

நான் செய்தது ஒருவகையில் பலித்தது என்றே கூற வேண்டும். பிள்ளை சாப்பிட்டாள், உறங்கினாள், படிப்பில் கவனம் வந்தது. இரண்டாகப் பிளந்து நின்றவள் ஒன்றானாள் என்றே நானும் எண்ணியிருந்தேன். மார்கழியில் மருமகள் வேறொரு காரியமாகப் பேசியபோது, பேச்சின் இடையே நிறுத்தி, "மாமா, ஒண்ணு சொல்லணும். முன்னால எல்லாம் சர்ச்சுல பாட்டுப் பாடும்போது கண்ண மூடிக்கிட்டு, சிரிச்ச முகமா பாடுவா. பாக்கதுக்கே எனக்கு அழுகை வரும். இப்பம் புத்தகத்தப் பாத்துப் படிச்சிட்டு நிக்கா. ஒழுங்காத்தான் வாரா. ஒரு வாரம்கூட விடல. ஆனா அந்த முகம் இல்ல" என்றாள்.

"பரீட்சைக் கவலையா இருக்கும்மா" என்றேன்.

"இருக்கும் மாமா" என்றாள் அவளும்.

இருவரும் தெரிந்தேதான் அப்படிச் சொல்லிக்கொண்டோம். கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தவளைத்தான் நான் எழுப்பி வெளியே அனுப்பிவிட்டேன். அவளோடு சேர்ந்துதான் என் பேத்தி அந்தத் தேவாலயத்தை நேசித்திருக்கிறாள். இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று நாங்கள் பிரித்துப் பார்த்ததெல்லாம் அவளுக்குள் ஒரே பாட்டாக இருந்திருக்கிறது. என் மனைவி அதை அறிந்துதான் சொன்னாளா, பிள்ளையின் அழுகையை நிறுத்தச் சொன்னாளா என்பதை இனி நான் யாரிடம் கேட்பது?

தை மாதத்தில் பொங்கலிட்டேன். பெரியப்பா மகளால் இப்போது பேருந்தில் வர இயலாது. நானே பெட்டியை இறக்கினேன். உடுத்துவதற்குப் பெண்பிள்ளை யாரும் இல்லாததால், பழைய உடுப்பைப் பெட்டியிலேயே விட்டுப் புதியதை அதன் மேல் வைத்தேன். பத்து வயதுக்குத்தான் எடுத்திருந்தேன். வெண்கலப் பானையில் பொங்கல் அடிப்பிடித்துவிட்டது. என் மனைவி இருந்த காலத்தில் நான் அடுப்படிக்குள் போனவனல்லன்.

முந்திய ஆண்டுகளில் இந்த நாளில் பேத்தி வர முடியாமல் போனால், மாலை வரை பொறுக்காமல் அவளே அழைத்து, "ஆச்சி, அவ என்ன சொன்னா?" என்று கேட்பாள். என் மனைவி தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு அரைமணி நேரம் கதை சொல்வாள். இந்த முறை அழைப்பு வரவில்லை. விளக்கேற்றும் நேரத்தில் நானே அழைத்தேன். படித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னைக்குப் பொங்கல் வச்சேன் மக்கா" என்றேன்.

"நல்லபடியா முடிஞ்சுதா தாத்தா?"

"முடிஞ்சுது."

அவள் மேற்கொண்டு கேட்பாள் என்று காத்திருந்தேன். எனக்குக் கதை சொல்ல வராது. என் வாழ்நாளில் யாருக்கும் ஒரு கதை சொன்னதில்லை. ஆயினும் என் மனைவி எப்படித் தொடங்குவாள் என்பது நினைவில் இருந்தது. அவ்விதமே தொடங்கினேன்.

"கன்னி ஒன்னையக் கேட்டா. எங்க அவளக் காணோம்னு கேட்டா."

பின்னர் அவள் மிகுந்த மரியாதையோடு, வயதானவர்களிடம் பேசும் பொறுமையோடு சொன்னாள்:

"பத்து வயசுல போனவங்களுக்கு என்னைய எப்பிடித் தாத்தா தெரியும்?"

"தெரியாதுதான்" என்றேன்.

மாத்திரை போட்டாச்சா என்று கேட்டாள். போட்டாச்சு என்றேன்.